சொல்லுக்கும் முத்திரை மரக்கால் வேண்டும்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. நமது சங்கக் கட்டடத்தின் மாடியில் உள்ள படிப்பகத்தில், ஸ்பின்னிங் பிரிவில் வேலை செய்யும் தோழர் ஒருவருடைய மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, சர்க்கார் பள்ளி, தமிழ் வழிப் படிப்பு. எஞ்சினீயரிங் படிப்புக்கான அகில இந்திய நுழைவுப் பரீட்சை இருக்கிறதே, ஜே.இ.இ. மெயின் என்று, அதை எழுதப் போகிறாள். அவள் கையில் இருந்தது, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி யாரோ அச்சிட்டு விற்ற பயிற்சித் தாள். அதில் ஒரு கேள்வி:

"ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 10-க்குக் குறைவாக வர வேண்டும். அப்படிப்பட்ட முழு எண்கள் எத்தனை?"

பெண் போட்ட விடை 4. பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று. நாமும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது. தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த விடையோ 7!

"எங்க புத்தகத்துல இருக்கிறபடிதானே மாமா போட்டேன்?" என்று கேட்டாள். குரல் கம்மி விட்டது.

அவளுடைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வரவழைத்துப் பார்த்தோம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது: 1, 2, 3 என்று எண்ணிக் கொண்டே போனால் அவை இயல் எண்கள். அவற்றோடு பூஜ்யத்தையும் சேர்த்தால் முழு எண்கள். மைனஸ் 1, மைனஸ் 2 என்று பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் எண்களையும் சேர்த்தால் அதற்குப் பெயர் முழுக்கள். முழு எண் வேறு, முழுக்கள் வேறு. ஆங்கிலத்தில் கேள்வி எழுதியவர் 'இன்டிஜர்' என்று எழுதியிருக்கிறார், அதாவது முழுக்கள். மைனஸ் 3-ஐ மைனஸ் 3-ஆல் பெருக்கினாலும் 9 தானே? ஆகவே மைனஸ் பக்கத்தில் மூன்று, பூஜ்யம் ஒன்று, பிளஸ் பக்கத்தில் மூன்று, மொத்தம் 7. தமிழாக்கியவர் 'முழு எண்' என்று போட்டுவிட்டார். அவர் மீதும் முழுப் பழியையும் போட முடியாது. பழைய தமிழ்க் கணிதப் புத்தகங்களில் மைனஸ் எண்களையும் சேர்த்த தொகுதிக்கே 'முழு எண்' என்று பெயர். இலங்கைத் தமிழ்ப் பாடப்புத்தகத்திலோ அதையே 'நிறைவெண்' என்கிறார்கள்.

ஆக, பெண்ணுக்குக் கணக்குத் தெரியும். கேள்வி போட்டவருக்கும் கணக்குத் தெரியும். இருவருக்கும் இடையில் நின்ற சொல் மட்டும் ஆளுக்கு ஓர் அளவு அளந்தது. நிஜப் பரீட்சையில் இது நடந்தால் என்ன ஆகும்? சரியான விடைக்கு 4 மார்க், அது போயிற்று. தப்பான விடைக்கு 1 மார்க் பிடித்தம், அதுவும் போயிற்று. ஒரு சொல்லுக்கு 5 மார்க் அபராதம்.

கீழத் தஞ்சைத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1940-களில் விவசாயிகள் சங்கம் அங்கே கொடி ஏற்றிய போது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, கள்ள மரக்காலை ஒழித்து முத்திரை மரக்காலில் கூலி நெல் அளக்க வேண்டும் என்பது. பண்ணையாளுக்குக் கணக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். எத்தனை மரக்கால் என்பதில் தகராறு இல்லை. எந்த மரக்கால் என்பதில்தான் தகராறு. இன்று நம் பிள்ளைகள் உட்காரும் பரீட்சைக் கூடத்திலும் அதே தகராறு, நெல்லுக்குப் பதில் சொல்லில் வந்து நிற்கிறது.

இதை எழுதப் போகிறோம் என்றதும் ஒரு தோழர் குறுக்கிட்டார். "நுழைவுப் பரீட்சையே வேண்டாம் என்று சொல்கிற நாம், அதற்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதா?" என்றார். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்க மாட்டோம். தமிழ்நாட்டில் 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுப் பரீட்சை வந்தது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன், கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் என்று இருபது வருஷத்துக்கு மேல் நடந்தது. 2006-ல் சட்டசபையில் நிறைவேறி, 2007-ல் அமலுக்கு வந்த சட்டம் அதை ஒழித்தது. அது நல்ல காரியம் என்பதே நமது அபிப்பிராயம், இன்றும். ஆனால் மத்திய சர்க்கார் கல்லூரிகளின் வாசலில் அந்தச் சட்டம் செல்லாது. திருச்சி என்.ஐ.டி.யை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அந்தப் பாதியும் ஜே.இ.இ. மெயின் பட்டியலைப் பார்த்துத்தான் நிரப்பப்படுகிறது. நாம் பரீட்சையை எதிர்த்துத் தீர்மானம் போட்டுக் கொண்டிருக்கும் போதே ஜனவரியும் ஏப்ரலும் வருகின்றன, பரீட்சையும் வருகிறது. பஞ்சப்படிக் கணக்கில் முதலாளி செய்யும் தில்லுமுல்லை எதிர்க்கிறோம் என்பதற்காக, பஞ்சப்படி எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்து கொள்ளாமல் இருக்கிறோமா? தெரிந்து கொண்டல்லவா எதிர்க்கிறோம்?

சரி, கணிதத்தில் இந்தச் சொற்களும் வழக்கங்களும் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். ஒன்றை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். இவற்றில் பல, மூளையால் கண்டுபிடிக்க வேண்டியவை அல்ல, ஒப்பந்தங்கள். சீட்டாட்டத்தில் எந்தச் சீட்டு பெரியது என்பது போல, நாலு பேர் கூடி இப்படி என்று வைத்துக் கொண்டவை. சொல்லிக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். சொல்லிக் கொடுக்காவிட்டால் எத்தனை புத்திசாலிக்கும் தெரியாது.

1 பகா எண்ணா? தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் என்றால், 1-உம் அப்படித்தானே தோன்றுகிறது? ஆனால் அது பகா எண் அல்ல. பகு எண்ணும் அல்ல. சுமார் நூறு வருஷத்துக்கு முன்புவரை 1-ஐயும் பகா எண்ணாகப் போட்ட கணிதப் பட்டியல்கள் அச்சில் வந்தன. பிறகு விலக்கி விட்டார்கள். 12 என்றால் இரண்டு இரண்டு மூன்று என்று ஒரே விதமாகப் பிரிய வேண்டும். 1-ஐச் சேர்த்தால் எத்தனை ஒன்றை வேண்டுமானாலும் முன்னால் ஒட்டிக் கொண்டே போகலாம், கணக்கு முடிவில்லாமல் போகும் என்பது காரணம். 2 பகா எண். இரட்டைப்படையில் அது ஒன்றுதான் பகா எண். பூஜ்யம் இரட்டைப்படை எண்; ஆனால் பிளஸும் அல்ல, மைனஸும் அல்ல. இந்த மூன்றையும் ஒரு பிள்ளை தெரிந்து வைத்திருந்தால் எத்தனையோ குழிகளைத் தாண்டிவிடும்.

வர்க்கமூலக் குறி இன்னொரு குழி. எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 9 வரும் என்று கேட்டால், 3, மைனஸ் 3 என்று இரண்டு விடை. ஆனால் √9 என்று குறி போட்டுக் கேட்டால் விடை 3 மட்டும். குறி போட்டால் பிளஸ் பக்கத்து விடைதான் என்று ஒப்பந்தம். அது போலவே 2 + 3 × 4 என்றால் 20 அல்ல, 14. பெருக்கல் முதலில், கூட்டல் பிறகு. கடைக்காரர் பில் போடும் போது இதைத்தான் செய்கிறார்: 2 ரூபாய் தீப்பெட்டி ஒன்று, 4 ரூபாய் வீதம் மூன்று வாழைப்பழம் என்றால் யாராவது 20 ரூபாய் கேட்பார்களா?

'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். டீக்கடையில் "டீயா அல்லது காப்பியா?" என்றால் இரண்டில் ஒன்று. கணிதத்தில் அப்படியல்ல. 1 முதல் 20 வரை உள்ள எண்களில் 2-ஆல் அல்லது 3-ஆல் வகுபடுபவை எத்தனை என்றால், இரண்டாலும் வகுபடும் 6, 12, 18 ஆகியவையும் சேர்த்தி. விடை 13. டீக்கடை அர்த்தத்தில் எண்ணினால் 10 வரும், தப்பு.

'மிகாமல்' என்ற சொல் ஆலைத் தொழிலாளிக்குத் தெரியாததா? வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மிகாமல் என்று 1948-ஆம் வருஷத்து பாக்டரிச் சட்டம் எழுதியது. 48 மணி என்றால் சட்டத்துக்கு உட்பட்டது. அதற்கு மேல் கால் மணி போனாலும் ஓவர்டைம், இரட்டைக் கூலி. கணிதத்திலும் அதே அர்த்தம்: 48-க்கு மிகாத எண்களில் 48-உம் அடக்கம். 48-ஐ விடக் குறைந்த எண்கள் என்றால் 48 அடக்கமில்லை. இந்த வித்தியாசத்தில் எத்தனை பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள் தெரியுமா? அப்பன் கேட் மீட்டிங்கில் தொண்டை கிழியப் பேசிய சொல் அது. பிள்ளைக்குப் புத்தகத்தில் அந்நியமாகத் தெரிகிறது.

'வரை' என்ற சொல்லும் அப்படியே. 5 முதல் 15 வரை என்றால் பத்து எண்கள் என்று வாய் சொல்லும். எண்ணினால் பதினொன்று. நூறு அடி வரப்பில் பத்தடிக்கு ஒரு கம்பு நட்டு வேலி கட்டப் போகிற விவசாயத் தொழிலாளி பதினொரு கம்பு வெட்டிக் கொண்டுதான் போகிறார். முதல் கம்பு எங்கிருந்து வரும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

சதவிகிதத்துக்கு வருவோம். உழைப்பாளியை இதைப் போல ஏமாற்றிய சொல் வேறில்லை என்பதால் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நாள் கூலி 500 ரூபாய். மந்தம் என்று சொல்லி 20 சதவிகிதம் வெட்டுகிறார்கள், 400 ஆகிறது. அடுத்த வருஷம் 20 சதவிகிதம் கூட்டித் தருகிறோம் என்கிறார்கள். வெட்டியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று கைதட்டலாமா? 400-ன் மேல் 20 சதவிகிதம் 80. கையில் வருவது 480. இருபது ரூபாய் எங்கே போயிற்று? வெட்டியது 500-ன் மேல், கொடுத்தது 400-ன் மேல். சதவிகிதம் என்ற சொல் வந்தால் 'எதன் மேல்?' என்று கேட்காமல் பென்சிலைத் தொடக் கூடாது. பரீட்சையிலும் சரி, பேச்சுவார்த்தை மேஜையிலும் சரி.

இன்னொரு உதாரணம். 1956-ல் சென்னை ராஜ்யத்தில் வந்த நியாய வாரச் சட்டம், நன்செய் விளைச்சலில் 40 சதவிகிதம் நிலச்சொந்தக்காரருக்கு, மிச்சம் சாகுபடிதாரருக்கு என்று வைத்தது. பின்னாளில் திருத்தி 25 ஆக்கினார்கள். வாரம் எத்தனை சதவிகிதம் குறைந்தது? 15 என்பார் ஒருவர். அது புள்ளிக் கணக்கு. 40-க்கும் 25-க்கும் உள்ள தூரம். நிலச்சொந்தக்காரரைக் கேட்டால், 40 மூட்டை வந்த இடத்தில் 15 மூட்டை போயிற்று, ஆகவே என் வாரம் 37½ சதவிகிதம் குறைந்தது என்பார். சாகுபடிதாரருக்கோ 60 மூட்டை 75 ஆயிற்று. அவர் பங்கு 25 சதவிகிதம் கூடியது. ஒரே களத்து நெல், மூன்று எண்கள், மூன்றும் சரி! கேள்வி எதைக் கேட்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சராசரியும் அதே ஜாதிதான். ஒரு சின்னப் பட்டறையில் ஒன்பது பேருக்கு நாள் கூலி 500; மானேஜருக்கு 5,500. மொத்தம் 10,000, பத்தால் வகுத்தால் சராசரி 1,000. எங்கள் பட்டறையில் சராசரி நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று பட்டறைக்காரர் சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர் அந்தப் பட்டறையில் ஒருவர்கூட இல்லை! பத்துப் பேரையும் கூலி வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 500. இதற்கு இடைநிலை என்று பெயர். அதிகம் பேர் வாங்குவது எது என்று பார்த்தாலும் 500. இதற்கு முகடு என்று பெயர். மூன்று பெயர்களும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. எதற்காக மூன்று வைத்திருக்கிறார்கள் என்பது இந்தப் பட்டறையைப் பார்த்தால் விளங்கும்.

தலைகீழ் விகிதம் என்றவுடன் பிள்ளைகள் மிரளுகிறார்கள். அப்பனைக் கேட்கட்டும். 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் என்றால் பவுண்டுக்கு 40 சிட்டம், 33,600 கெஜம். 60-ஆம் நம்பர் என்றால் 50,400 கெஜம். அதே எடைப் பஞ்சு; நீளம் கூடக் கூட நூல் மெலிகிறது. ஒரு கெஜத்தின் எடை நம்பருக்குத் தலைகீழ் விகிதத்தில் போகிறது. விரலால் உருட்டிப் பார்த்தே நம்பரைச் சொல்லுகிற தொழிலாளிகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தலைகீழ் விகிதம் வராதாம்!

அமெரிக்காவில் ஜி.ஆர்.இ. என்று ஒரு பரீட்சை. மேல் படிப்புக்கு அங்கே போக விரும்புகிறவர்கள் எழுதுவது. அதை நடத்தும் இ.டி.எஸ். என்ற ஸ்தாபனத்தைப் புகழ்வது நமது வேலையல்ல. பரீட்சையை வியாபாரமாக்கியவர்களில் அதுவும் உண்டு. ஆனாலும் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். தங்கள் கணக்குத் தாளில் எந்தக் குறிக்கு என்ன அர்த்தம், எந்தச் சொல்லுக்கு என்ன எல்லை என்று தனியாக எழுதி, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். வரும் எண்கள் எல்லாம் மெய் எண்கள். முக்கோணம், வட்டம் முதலிய படங்கள் அளவுக்கு வரைந்தவை என்று நம்ப வேண்டாம். நேர்கோடாகத் தெரிவது நேர்கோடுதான். ஆனால் அச்சுகள் போட்ட வரைபடம் அளவுக்கு வரைந்தது. இப்படி ஒவ்வொன்றாகப் போகிறது. ஆட்டத்தின் விதியை ஆடுகிறவன் கையில் முன்கூட்டியே கொடுத்து விடுகிறார்கள்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? ஜே.இ.இ. மெயின் பரீட்சை 2021 முதல் தமிழ் உள்பட 13 மொழிகளில் நடக்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் தேசியத் தேர்வு முகமையின் விதி என்ன சொல்கிறது? தமிழாக்கத்தில் சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது. தமிழில் எழுது என்று கூப்பிட்டு உட்கார வைத்து விட்டு, தமிழ் தப்பாக இருந்தால் தண்டனை உனக்கு என்பது என்ன நியாயம்? கள்ள மரக்காலில் அளந்து விட்டு, கணக்குப்பிள்ளையின் பேரேட்டில் இருப்பதுதான் சரி என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது வெறும் பயம் அல்ல. மருத்துவப் படிப்புக்கான நீட் பரீட்சையில் கணக்குப் பாடம் இல்லை. ஆனால் சொல் வியாதி அங்கேயும் உண்டு. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று, அப்போது ராஜ்யசபை அங்கத்தினராக இருந்த தோழர் டி.கே. ரங்கராஜன் வழக்குப் போட்டார். ஜூலை மாதம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதே மாதம் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை போட்டது. நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாக 196 கொடுப்பது சரியா என்று வாதிக்கலாம். நமக்கும் அதில் யோசனை உண்டு. ஆனால் பிழையான தாளை எழுதிய பிள்ளைக்குக் கடைசியில் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை.

ஆகவே நாம் கேட்பது பெரிய காரியமில்லை. தமிழ்த் தாளில் வரும் கணிதச் சொற்களின் பட்டியல் ஒன்றைப் பரீட்சைக்கு ஆறு மாதம் முன்பே அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். அதிலுள்ள சொற்கள் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகச் சொற்களாக இருக்க வேண்டும். மொழிபெயர்க்கிறவர் அதை மீறக் கூடாது. மீறினால், தமிழ் வாசகப்படி சரியாக எழுதிய பிள்ளைக்கு மார்க் கொடுக்க வேண்டும். முத்திரை மரக்கால் கேட்டவர்கள் அதிக நெல் கேட்கவில்லை. சரியான அளவு கேட்டார்கள்.

அதுவரை கையைக் கட்டிக் கொண்டிருக்க முடியாது. தமிழைத் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு ஆங்கில வாசகமும் கூடவே காட்டப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆகவே கணிதத்தில் அடிக்கடி வரும் ஓர் ஐம்பது ஆங்கிலச் சொற்களை அடையாளம் காணத் தெரிந்தால் போதும். ஆங்கிலத்தில் பேச வேண்டியதில்லை. தமிழ்ச் சொல்லில் சந்தேகம் வந்தால் பக்கத்து வாசகத்தில் 'இன்டிஜர்' என்று இருக்கிறதா, 'ஹோல் நம்பர்' என்று இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம். இது தமிழுக்குத் துரோகம் என்று யாராவது சொன்னால், அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, மார்க் பிடிப்பார்கள் என்ற பயத்தில் தெரியாத கேள்விகளையெல்லாம் விட்டு விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்குப் பாருங்கள். நாலு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால், நாலு கேள்விக்கு ஒன்று பலிக்கும் என்று வைத்துக் கொண்டால், வரவு 4, பிடித்தம் 3, மிச்சம் 1. குருட்டடியில் பெரிய லாபமில்லை. ஆனால் நாலில் இரண்டு நிச்சயம் தப்பு என்று தள்ளத் தெரிந்தால், இரண்டு கேள்விக்கு வரவு 4, பிடித்தம் 1. அங்கே விட்டு வருவது நஷ்டம்.

படிப்பகத்தில் அந்தப் பெண்ணும் அவள் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இடது பக்கம் பாடப்புத்தகச் சொல், நடுவில் ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில், வலது பக்கம் ஓர் உதாரணம். இதுவரை 38 சொற்கள் ஆகியிருக்கின்றன. ரிட்டையர் ஆன கணக்கு வாத்தியார் ஒருவர் வாராவாரம் வந்து திருத்திக் கொடுக்கிறார். வந்தவுடன் முதல் வேலையாக 'முழு எண்' என்பதை அடித்து விட்டு 'முழுக்கள்' என்று எழுதினார். வலது பக்க உதாரணங்களுக்கு ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் கணக்குகள் தேவைப்படுகின்றன. நூல் நம்பர், பஞ்சப்படிப் புள்ளி, வாய்க்கால் முறை, களத்து அளவு, எது தெரிந்தாலும் ஷிப்டு முடிந்து போகிற வழியில் மாடிக்கு வந்து சொல்லி விட்டுப் போங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் அவர்கள் அங்கே இருப்பார்கள்.